மயிரிழை வாய்க்கால்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு பேன்சி ஸ்டோருக்கும் நடுவில், எட்டடிக்குப் பத்தடியில் ஜான்சியின் கடை இருந்தது. ரப்பர் ஸ்டாம்ப் கடை. ரப்பர் என்று பெயரே தவிர, அவள் செய்ததெல்லாம் ரெசினில்தான். ரெசின் தேன் மாதிரி ஒரு திரவம். ஊதா ஒளி பட்ட இடம் கெட்டிப்படும், படாத இடம் சோப்புத் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். எழுத்து மட்டும் வெளிச்சமாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் இருக்கிற நெகட்டிவை அடியில் வைத்து, மேலே ரெசின் ஊற்றி, கீழிருந்து ஊதா ட்யூப் விளக்கைப் போட்டு எடுத்துக் கழுவினால், எழுத்துகள் மட்டும் மேடாக எழுந்து நிற்கும். மரக்கைப்பிடியில் ஒட்டினால் சீல் ரெடி.

தலைமையாசிரியர், வக்கீல், டாக்டர், கிராம நிர்வாக அலுவலர், எல்லாருக்கும் அவள்தான் சீல் செய்தாள். வேகத்துக்காக அவளைத் தேடி வந்தவர்கள் குறைவு. அவள் கையில் புள்ளி விழாமல் போகாது, 'ஊ'வின் கொம்பு ஒடியாது, வட்டச் சீலில் ஓரத்து எழுத்து நசுங்காது. செய்து முடித்த ஒவ்வொன்றையும் நகை மதிப்பீட்டாளர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். சரியில்லையென்றால் ஆள் எதிரில் நிற்கும்போதே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "அரைமணி கழிச்சி வாங்க சார்" என்பாள்.

ஜான்சி மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். அப்பா தேவசகாயம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்து, புதுச்சேரியில் ஒரு ஸ்டாம்ப் கடையில் ஆறு வருஷம் இருந்தாள். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்த அன்பரசுவைக் கட்டிக்கொண்டு கடலூர் வந்தவள், 2004 ஜூனில் சொந்தமாக மெஷின் வாங்கிப் போட்டாள். ஆறே மாதத்தில் கடல் உள்ளே வந்தது. அலை அவள் கடை வரைக்கும் வரவில்லை. ஆனால் கரையோரத்து ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மீனவர் சங்கம் எல்லாவற்றின் சீலும் பெட்டியோடு போய்விட்டன. சீல் இல்லாமல் எந்தச் சான்றிதழும் நகராது. அடுத்த ஜனவரி முழுக்க ஜான்சி குனிந்த தலை நிமிரவில்லை. அந்த ஒரு மாதத்தில்தான் ஊர் அவளைத் தெரிந்துகொண்டது.

இலக்கியா அந்தக் கடைக்கு வந்தது 2009 ஆகஸ்டில். ரயில் பாதையை அகலமாக்குவதற்காக மூடியிருந்த காலம்; சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தோளில் ஒரு பெரிய பை.

"அக்கா, ஒரு ஸ்டாம்ப் பண்ணணும்."

"என்னா பேரு எழுதணும்?"

"பேரெல்லாம் இல்லக்கா. ரெண்டு கோடு மட்டும்தான்."

காகிதத்தை எடுத்து நீட்டினாள். நீளமாக ஒரு கோடு. அதன் நடுவில் பக்கவாட்டிலிருந்து வந்து முட்டும் இன்னொரு கோடு. அவ்வளவுதான். கோடுகளின் நுனியில் மூன்று சின்ன வட்டங்கள்.

"கோடு எவ்ளோ அகலம்?"

"ரெண்டு முடிய பக்கத்துல பக்கத்துல வச்சா எவ்ளோவோ அவ்ளோ."

ஜான்சி கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "உக்காரும்மா. மொதல்ல இது எதுக்குன்னு சொல்லு."

இலக்கியா கீரப்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ரொம்பக் குறுகலான வாய்க்காலில் திரவங்கள் எப்படி ஓடுகின்றன என்பதுதான் அவள் பாடம். சின்ன மேடான கோட்டின் மேல் சிலிகோன் ஊற்றி, அது இறுகியதும் உரித்தெடுத்தால், மேடு இருந்த இடத்தில் பள்ளம் விழும். பள்ளத்தைக் கண்ணாடியால் மூடினால் வாய்க்கால். அதில் தண்ணீரும் எண்ணெயும் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

"பெங்களூர்ல இதுக்குன்னே ரூம் இருக்குக்கா. தூசியே இருக்காது, தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் உள்ள போகணும். அங்க எங்களுக்கு முறை வர்றதுக்கு எட்டு மாசம் ஆவும்னுட்டாங்க. எங்க சார் கோவிந்தசாமி, போனஃபைட் சர்டிபிகேட்ல உங்க கடை சீல பாத்துட்டு, 'இந்த எழுத்த பண்ணவங்களால கோடும் போட முடியும், போய்க் கேளு'ன்னாரு."

"ஓடவிட்டுப் பாத்து என்னா பண்ணுவ?"

"ஆஸ்பத்திரியில டெஸ்ட்டுக்கு ஒரு ஊசி ரத்தம் எடுக்கறாங்க இல்ல? இந்த மாதிரி வாய்க்கால் வச்சா ஒரு சொட்டு போதும். ஒரு சொட்டுலயே நாலு டெஸ்ட் பாக்கலாம். ஆனா ரத்தம் தண்ணி மாதிரி ஓடாது. அது எப்படி ஓடும்னு தெரிஞ்சாத்தான வாய்க்கால் வெட்ட முடியும்?"

ஜான்சிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வேலையை எடுத்துக்கொண்டாள்.

முதல் தடவை மொத்தமும் வீணாயிற்று. வழக்கமான ஸ்டாம்ப் கனத்துக்கே ரெசின் ஊற்றியிருந்தாள். கழுவும்போது பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு எழுந்த மெல்லிய கோடு, நனைந்த முடி மாதிரி ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. பிரஷ் பட்ட இடத்தில் பிய்ந்தும் போயிருந்தது. அகலம் இவ்வளவு குறைவென்றால் உயரமும் குறைவாக இருந்தால்தான் நிற்கும் என்று அவளுக்குப் புரிந்தது. ரெசினைச் சுற்றிக் கட்டுவதற்கு வழக்கமாக ஒட்டும் தடித்த டேப்பை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து கண்ணாடி மாதிரித் தெரிகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒரு ஓ.எச்.பி. ஷீட் வாங்கி வந்து பட்டை பட்டையாக வெட்டி வைத்தாள். ஷீட்டின் கனம்தான் இனி ரெசினின் கனம். பிரஷ்ஷையும் விட்டுவிட்டாள். சோப்புத் தண்ணீர்த் தட்டில் அரிசி களைவது போல மெதுவாக ஆட்டி ஆட்டிக் கழுவினாள். புதுச்சேரிக்குப் போய், பத்திரிகைகளுக்கு பிலிம் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நெகட்டிவை நல்லதாக எடுத்து வந்தாள். நாலாவது தட்டில் கோடு நின்றது.

பத்து நாள் கழித்து இலக்கியா மறுபடி வந்தாள். முகம் வாடியிருந்தது. "கோடு சூப்பரா இருக்குக்கா. ஆனா அதுமேல ஊத்தின சிலிகோன் காயவே மாட்டேங்குது. மத்த எடமெல்லாம் இறுகிடுது, உங்க அச்சுல பட்ட எடம் மட்டும் பிசுபிசுன்னு ஒட்டுது. ரெசின்ல என்னமோ மிச்சம் இருக்கு, அது சிலிகோன இறுக விடலைன்னு சார் சொல்றாரு."

ஜான்சி அச்சை வாங்கி விரலால் தொட்டுப் பார்த்தாள். லேசாக ஒட்டியது. உடனே தலையில் தட்டிக்கொண்டாள்.

"தப்பு என்மேலதாம்மா. கோடு ஒடிஞ்சிடுமோன்ற பயத்துல ரெண்டாவது வேக்காடு வைக்காம வுட்டுட்டேன். காத்து பட்டா இதோட மேல்தோலு வேவாது. ஸ்டாம்பா இருந்தா கழுவினதும் தண்ணியில முக்கி வச்சி திரும்ப லைட்டு காட்டுவோம். தண்ணிக்குள்ள காத்து படாது பாரு, அப்பத்தான் பிசுக்கு போவும்."

இலக்கியா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். "ஆக்சிஜன்தான்க்கா அது. மேல்பரப்புல வேலைய நிறுத்திடும். நாங்க புத்தகத்துல படிச்சோம். உங்ககிட்ட கேக்கணும்னு தோணலை பாருங்க."

தண்ணீருக்குள் முக்கி இருபது நிமிஷம் விளக்கு காட்டினாள். இலக்கியா அதைக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்கக் கூடத்து மின் அடுப்பில் சூடுபடுத்தினாள். அதற்குப் பிறகு சிலிகோன் கண்ணாடி போல உரிந்து வந்தது.

"நீங்க வந்து பாக்கணும்க்கா" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் இலக்கியா. நவம்பர் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை ஜான்சி சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். போகும்போது நீல ஸ்டாம்ப் மையும் சிவப்பு ஸ்டாம்ப் மையும் வகைக்கொரு புட்டி பையில் போட்டுக்கொண்டாள். கலர் கலராக விட்டால் நன்றாகத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

பல்கலைக்கழகத்துப் பரிசோதனைக் கூடம் அவள் நினைத்த மாதிரி பளபளப்பாக இல்லை. சுவரில் ஈரம் படர்ந்திருந்தது. மேசையில் மைக்ரோஸ்கோப்பும், ஊசியை மெல்லத் தள்ளுகிற ஒரு பெட்டியும் இருந்தன. நடுவில், அவள் கோட்டிலிருந்து பிறந்த சிலிகோன் துண்டு. தீப்பெட்டி அளவுகூட இல்லை. மூன்று சின்னக் குழாய்கள் அதில் செருகியிருந்தன.

மையில் தண்ணீர் கலந்து, ஒரு குழாயில் நீலம், இன்னொன்றில் சிவப்பு. "பாருங்க" என்று இலக்கியா நகர்ந்துகொண்டாள்.

ஜான்சி கண்ணை வைத்தாள். இரண்டும் ஒரே வாய்க்காலில் சேர்ந்தன. ஆனால் கலக்கவில்லை. பாதி நீலம், பாதி சிவப்பு, நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. வாய்க்கால் முடிகிற இடம் வரைக்கும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.

"என்னா இது? சேந்ததும் ஊதாவா ஆவ வேணாமா? நடுவுல தடுப்பு எதுனா இருக்கா?"

"தடுப்பே இல்லக்கா. ஆத்துல தண்ணி வந்தா சுழிச்சிக்கிட்டு வரும், அதனால கலந்துடும். இவ்ளோ சின்ன எடத்துல சுழிப்பே கெடையாது. தண்ணியோட ஓட்டத்துக்கு இருக்கிற வேகத்தவிட அதோட பிசுக்குதான் இங்க ஜாஸ்தி. நமக்குத் தேன்ல நீச்சல் அடிக்கிற மாதிரி, தண்ணிக்கு இந்த வாய்க்கால். அது அது வந்த வழியிலயே போவும். ரொம்ப நேரம் விட்டா ஓரத்துல கொஞ்சூண்டு ஊறும். அவ்ளோதான்."

ஜான்சி நகரவில்லை. பின்னால் இரண்டு மாணவர்கள் வேறு வேலைக்காக மைக்ரோஸ்கோப்புக்குக் காத்திருந்தார்கள். அவள் கவனிக்கவே இல்லை.

அடுத்து எண்ணெயை நேர் வாய்க்காலிலும் தண்ணீரைப் பக்க வாய்க்காலிலும் விட்டாள் இலக்கியா. முட்டுகிற இடத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது, வீங்கியது, எண்ணெய் இழுக்க இழுக்கக் கழுத்து மெலிந்து, பட்டென்று அறுந்து ஒரு உருண்டையாகப் போயிற்று. உடனே அடுத்தது. அதன் பின்னால் அடுத்தது. எல்லாம் ஒரே அளவு. பாசிமணி கோத்த மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. வாழ்நாளெல்லாம் எழுத்துகள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பாடுபட்டவள், யாரும் கை வைக்காமல் உருண்டைகள் அச்சடித்தாற்போல் விழுவதை விரல் மடக்கி எண்ணிக்கொண்டே பார்த்தாள்.

"இப்ப இதப் பாருங்க." தண்ணீரில் ஏதோ பொடியைத் துளி கலந்திருந்தாள் இலக்கியா. பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. ஆனால் உருண்டை அறுபடுகிற இடத்தில் அறுபடவில்லை. நூல் மாதிரி நீண்டது. நூல் மெலிந்து மெலிந்து, அதில் குட்டிக் குட்டியாக மணிகள் கட்டி, பிறகுதான் அறுந்தது.

"ஜவ்வரிசிக் கஞ்சி!" என்றாள் ஜான்சி. "வத்தல் ஊத்தறப்போ கரண்டிய தூக்கினா இப்படித்தான நூலு விடும்."

"அதேதான். அந்தப் பொடியில நீள நீளமா சங்கிலி மாதிரி மூலக்கூறு இருக்கு. சும்மா இருந்தா சுருண்டு கெடக்கும். இழுத்தா நீளும், திரும்பச் சுருங்கப் பாக்கும். தண்ணியோட குணமும் கொஞ்சம், ரப்பரோட குணமும் கொஞ்சம். இந்த மாதிரி ஒரே குணத்துல நிக்காத திரவங்கதான் என் பாடம். சிலது தள்ளத் தள்ள இளகும், நிறுத்தினா கெட்டியாயிடும்."

"ஸ்கிரீன் பிரிண்டிங் மை அப்படித்தான். டப்பாவுல அல்வா மாதிரி குந்தியிருக்கும். கட்டையால இழுத்தா வழுக்கிக்கிட்டு எறங்கும். துணியில பட்டதும் அசையாது. அசைஞ்சா எழுத்து பரவிடுமே."

இலக்கியா அவளைப் பார்த்துச் சிரித்தாள். "இதப் புரிய வைக்க எங்க சார் எங்களுக்கு ரெண்டு வாரம் எடுத்தாருக்கா."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜான்சிக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. வழி நெடுக மழைத்தண்ணீர் தேங்கிய வயல்கள். பரவனாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியதை எட்டிப் பார்த்தாள். அன்று வீட்டில் சாம்பாரில் எண்ணெய் மிதப்பதையும் நின்று பார்த்தாள். மகள் சுவேதா, "என்னாம்மா குழம்பையே மொறைக்கிற?" என்று கேட்டாள்.

அதற்கடுத்த இரண்டு வருஷமும் மாதத்துக்கு ஒரு அச்சாவது ஜான்சி செய்தாள். வளைந்து வளைந்து போகிற வாய்க்கால், இரண்டாகப் பிரிந்து சேர்கிற வாய்க்கால், ஏணி மாதிரி ஒன்று. இலக்கியாவின் பேச்சில் வருகிற வார்த்தைகள் அவளுக்கும் பழகிவிட்டன. இலக்கியாவுக்கும் ரெசினில் காற்றுக்குமிழ் இல்லாமல் ஊற்ற வந்துவிட்டது.

இடறியது ஒரே ஒரு இடத்தில். ஆராய்ச்சியின் கடைசி அதிகாரத்துக்கு, அகலமான வாய்க்கால் திடீரென்று குறுகி ஒரு கழுத்துக்குள் நுழைந்து மறுபடி அகலமாக வேண்டும். கழுத்து ஒரு முடியைவிடக் குறுகல். அதுவும் சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஜான்சி எத்தனை செய்தாலும் கோடு அடியில் பரந்து மேலே குறுகி, வயல் வரப்பு மாதிரி சரிந்தே வந்தது. விளக்கின் தூரத்தை மாற்றினாள், நேரத்தைக் குறைத்தாள், ஒரு ட்யூபைக் கழற்றிப் பார்த்தாள். பதினோரு அச்சு வீண். குப்பைக்கூடையில் போடக்கூட மனசில்லாமல் ஒரு டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள்.

2011 டிசம்பர் நடுவில் இலக்கியா வந்தாள். "வுட்டுடலாம்க்கா. அந்த அதிகாரம் இல்லாமலே எழுதிக் குடுன்னு சார் சொல்லிட்டாரு. மார்ச்சுல குடுத்தே ஆவணும்."

"அது இல்லன்னா பாஸ் ஆவாதா?"

"ஆவும். ஆனா மத்ததெல்லாம் யாரோ எங்கயோ பாத்தத நானும் பாத்தேன்ற மாதிரி. இது ஒண்ணுதான் எனக்கே தெரியாதது."

அவள் போன பிறகு ஜான்சிக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலையில் 'தானே' என்று பெயரிட்ட புயல் கடலூரில் கரை ஏறியது. காலை வெளிச்சத்தில் பார்த்தால் தெருவில் நிழல் என்பதே இல்லை. அத்தனை மரமும் விழுந்திருந்தது. மின்கம்பங்கள் வரிசையாக மடிந்து கிடந்தன. கடையின் பெயர்ப்பலகை எங்கே போனதென்று கடைசி வரை தெரியவில்லை. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரண்ட் இல்லை. இன்று வரும் நாளை வரும் என்று நாள் போய்க்கொண்டே இருந்தது.

அன்பரசு இருட்டோடு போய் இருட்டோடு வந்தான். வெளி மாவட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். கையெல்லாம் காப்புக் காய்த்து, சாப்பிட உட்கார்ந்தவன் தட்டிலேயே கண்ணயர்ந்தான்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கறீங்க. வயர்மேன் பொண்டாட்டி கடைக்கு எப்ப?" என்று கேட்டாள் ஜான்சி.

"மொதல்ல ஆஸ்பத்திரி. அப்பறம் தண்ணி மோட்டாரு. ஸ்டாம்பு கடையெல்லாம் லிஸ்ட்லயே இல்ல, போ" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

அந்த நேரத்தில்தான் சீலுக்கு ஆள் வந்தது. முந்திரியும் பலாவும் வீடும் போனவர்கள் கணக்கெடுப்புத் தாள்களோடு அலைந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் கிராம அலுவலரின் சீல் விழ வேண்டும். ராஜவேல் என்கிற கிராம நிர்வாக அலுவலர் வந்து நின்றார். அவர் அலுவலகக் கூரையே பறந்துவிட்டிருந்தது. "எப்படியாவது பண்ணிக் குடும்மா. வாசல்ல முந்நூறு பேரு நிக்கறாங்க."

கரண்ட் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், வெளியே பார்த்தாள். மரமில்லாத தெருவில் ஜனவரி வெயிலில் கண் கூசியது. வெயிலிலும் ஊதா ஒளி இருக்கிறதுதானே. ரெசின் டப்பாவை வெயில் படாமல் வையென்று முதல் நாளிலிருந்தே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது எதற்காகவாம்?

கண்ணாடிச் சட்டத்தில் எல்லாம் வைத்து இறுக்கி, நெகட்டிவ் மேலே வரும்படி திருப்பி, கறுப்புத் துணி போட்டு மூடித் தெருவுக்குத் தூக்கி வந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துணியை எடுத்தாள். இரண்டு நிமிஷம். மூடினாள். முதல் அச்சு அதிகமாக வெந்துவிட்டது. இரண்டாவதில் நேரத்தைக் குறைத்தாள். கழுவிக் கண்ணாடியை இடுக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

எழுத்தின் ஓரங்கள் பிளேடால் வெட்டியது போல இருந்தன. புள்ளிகளின் சுவர் நேராக இறங்கியது. ஏழு வருஷமாக இந்த மெஷினில் செய்கிறாள், ஒரு சீல்கூட இப்படி வந்ததில்லை.

ராஜவேல் சீலை வாங்கிக்கொண்டு ஓடினார். ஜான்சி ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினைத் திறந்து பார்த்தாள். வரிசையாக ஆறு ட்யூப். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து ஒளி காட்டும். ஒரு கோட்டின் இந்த ஓரத்துக்கு அந்த விளக்கு, அந்த ஓரத்துக்கு இந்த விளக்கு. சரிந்து விழும் ஒளியில் சுவரும் சரிந்துதான் வரும். சூரியன் ஒன்று. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற வெளிச்சம் எல்லாம் நேர்க்கோடு.

புதுச்சேரியில் எடுத்த, முடியைவிடக் குறுகிய கழுத்து உள்ள அந்த நெகட்டிவ் டிராயரில்தான் இருந்தது.

ஆனால் வெயில் நேராக விழ வேண்டும். கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் சுவர் மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். மறுநாள் ஒரு பலகையில் நீள ஆணி ஒன்றை நேராக அடித்தாள். பலகையைத் தெருவில் வைத்து, அடியில் செங்கல் சில்லுகளைச் செருகிச் செருகி, ஆணியின் நிழல் சுருங்கிச் சுருங்கி, ஆணியின் காலடியிலேயே மறையும் வரைக்கும் சாய்த்தாள். நிழல் இல்லையென்றால் சூரியன் பலகைக்கு நேரே நிற்கிறது என்று அர்த்தம். பலகைமேல் சட்டத்தை வைத்தாள். பேன்சி ஸ்டோர்க்காரர், "என்னா ஜான்சி, வத்தல் காயப் போடறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வாரத்தில் ஏழு அச்சு செய்தாள். ஆறாவதும் ஏழாவதும் அவளுக்குத் திருப்தி.

போன் டவர் எதுவும் வேலை செய்யவில்லை. காத்திருக்க மனசு வரவில்லை. இரண்டு அச்சையும் பஞ்சில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் விழுந்த மரங்களை அறுத்துக் குவித்திருந்தார்கள்.

இலக்கியா கூடத்தில் உட்கார்ந்து பழைய படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். எதிர்பாராமல் வந்து நின்ற ஜான்சியைக் கண்டு, "அக்கா! அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று எழுந்தாள்.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம். இத மொதல்ல பாரு."

இலக்கியா மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். திருகைத் திருப்பினாள். கழுத்தின் இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணை எடுக்காமலே, "இது எந்த லைட்டுக்கா?" என்றாள்.

"வெயிலு."

மூன்று நாள் கழித்து சிலிகோன் துண்டு தயாரானது. ஜான்சி அதைப் பார்க்க மறுபடியும் வந்தாள். கோவிந்தசாமி சாரும் பக்கத்தில் நின்றிருந்தார். முதலில் வெறும் தண்ணீர். அகல வாய்க்காலிலிருந்து கழுத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. வேகத்தைக் கூட்டியும் அப்படியேதான். அடுத்து, பொடி கலந்த தண்ணீர். மெதுவாகத் தள்ளியபோது அதுவும் தண்ணீர் மாதிரியே நல்ல பிள்ளையாகப் போயிற்று. இலக்கியா வேகத்தை ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

கழுத்துக்கு முன்னால் இரண்டு மூலையிலும் திரவம் தயங்கி நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. பக்கத்துக்கு ஒரு சுழி.

"சுழிக்குதே!" என்று கத்திவிட்டாள் ஜான்சி. "இவ்ளோ சின்ன எடத்துல சுழிக்காதுன்னு சொன்ன?"

"தண்ணி சுழிக்காது" என்றாள் இலக்கியா. "இது சுழிக்கும். கழுத்துக்குள்ள நுழையறப்போ சங்கிலியெல்லாம் இழுபடுது, இழுபட மாட்டேன்னு முரண்டு பிடிக்குது. எந்த வேகத்துல ஆரம்பிக்குதுன்றதுதான் எனக்கு வேணும்."

கோவிந்தசாமி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மார்ச் வேண்டாம், ஜூன்ல குடு" என்றார்.

அந்த அதிகாரம் எழுதப்பட்டது. வாய்மொழித் தேர்வு 2012 நவம்பரில் நடந்தது. இலக்கியா வற்புறுத்தியதால் ஜான்சி போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் போன பேச்சில் பாதி புரியவில்லை. திரையில் அவள் செய்த கழுத்து பெரிதாகத் தெரிந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், ஸ்டாம்ப் ரெசினில் இந்தச் சுவர் எப்படிச் செங்குத்தாக வந்தது, எந்தக் கருவி என்று கேட்டார். இலக்கியா பின்வரிசையைக் காட்டி, "அவங்களே சொல்வாங்க சார்" என்றாள்.

ஜான்சி எழுந்தாள். தமிழில், சீல் கேட்டு வந்தவருக்குச் சொல்வது போலவே சொன்னாள். ஆறு ட்யூபையும் சொன்னாள், சூரியனையும் சொன்னாள், ஆணியையும் சொன்னாள். தேர்வாளர் பேனாவை எடுத்து ஒரு காகிதத்தில் பலகையும் ஆணியும் வரைந்து, "இந்த மாதிரியா?" என்று காட்டினார்.

"ஆமாங்க சார். ஆனா மதியம் பன்னெண்டுலேருந்து ஒண்ணுக்குள்ளதான் நல்லா வரும்."

அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வெளியே மரத்தடியில் இலக்கியாவின் அம்மா கொளஞ்சியம்மாள் அரக்குப் பட்டுப் புடவையில் நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குப் பாத்திரம் நிறைய கேசரி. ஜான்சியின் கையில் ஒரு தட்டைத் திணித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நாலு வருஷமா எம்பொண்ணு உள்ள என்னாதான் பண்ணா? கேட்டா இங்கிலீஷ்ல சொல்றா."

"தண்ணியும் கஞ்சியும் இடுக்குல எப்படிப் போவும்னு பாத்தாங்கம்மா. ரெண்டும் ஒரே மாதிரி போவாதாம்."

"அது எனக்குத் தெரியாதா? கஞ்சி வடிக்கிறவளக் கேட்டா சொல்ல மாட்டாளா?"

"போவாதுன்னு நமக்குத் தெரியும். ஏன் போவாதுன்னு தெரியாது இல்ல?"

கொளஞ்சியம்மாள் யோசித்தார். "அது சரி" என்றார். இன்னும் ஒரு கரண்டி கேசரியை ஜான்சியின் தட்டில் வைத்தார்.

அடுத்த மாதத்திலேயே இரண்டு கல்லூரிகளிலிருந்து வாய்க்கால் அச்சு கேட்டுக் கடிதம் வந்தது. ஜான்சி மேல்மாடிச் சொந்தக்காரரிடம் பேசி, மொட்டை மாடியில் ஒரு மூலையைத் தனக்கென்று வாங்கிக்கொண்டாள். அன்பரசு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பலகையை எந்தக் கோணத்துக்கும் திருகிச் சாய்க்கிற மாதிரி இரும்பில் ஒரு தாங்கி செய்து கொடுத்தான். மேகம் இல்லாத மதியங்களில், கீழே கடையில் "அரைமணி கழிச்சி வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கறுப்புத் துணியும் கைக்கடிகாரமுமாகப் படியேறிப் போவாள்.